ஆகஸ்ட் பில்லுக்கு அக்டோபர் வரி: ஃபங்ஷனல் புரோகிராமிங் வேலைக்கு ஆகுமா?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

ஆவடியிலேர்ந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். காலேஜ் கடைசி வருஷம். "அண்ணா, ஹாஸ்கெல் கத்துக்கலாம்னு ஆசையா இருக்கு. ஆனா எங்க சீனியர், அதெல்லாம் புரொஃபசருங்க விளையாடுறது, கம்பெனியில ஒருத்தனும் தொட மாட்டான்னு சொல்றார். நிஜமா?"

சீனியர் சொன்னதுல பாதி நிஜம். எந்தப் பாதின்னு பிரிச்சுப் பார்க்கத்தான் இந்த எபிசோட்.

ஒரு தேதியிலேர்ந்து ஆரம்பிக்கிறேன். 2025 செப்டம்பர் 22. அன்னிக்குத்தான் சென்னை ஒன் செயலி வந்தது. கும்டா, அதாவது சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், கொண்டு வந்தது. ஆவடியில லோக்கல் ட்ரெயின் ஏறி, சென்ட்ரல்ல மெட்ரோ மாறி, இறங்கின இடத்துல ஆட்டோ பிடிக்கிற ஒருத்தர் எல்லாத்தையும் ஒரே செயலியில பார்த்துக்கலாம். அதை உருவாக்கிக் கொடுத்தது மூவிங் டெக். நம்ம யாத்ரி ஆட்டோ செயலியை நடத்துற அதே நிறுவனம். நம்ம யாத்ரியோட சர்வர் பக்க நிரல் எழுதப்பட்ட மொழி என்ன தெரியுமா? ஹாஸ்கெல். சீனியர் கிட்ட இதைச் சொல்லுங்க. ஆனா உடனே ஜெயிச்சுட்டதா நினைக்காதீங்க, அவர் பக்கமும் விஷயம் இருக்கு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

அதே செப்டம்பர் 22ல இன்னொண்ணும் நடந்தது. ஜிஎஸ்டி விகிதங்கள் மாறிச்சு. வண்டி உதிரிபாகங்கள்ல பலதுக்கு 28 சதவீதமா இருந்த வரி 18 ஆச்சு. சைக்கிளுக்கும் அதோட பாகங்களுக்கும் 12லேர்ந்து 5. அம்பத்தூர்க்காரங்களுக்கு இது பேப்பர்ல படிச்சுட்டு மடிச்சு வைக்கிற செய்தி இல்லை. 1949ல டிஐ சைக்கிள்ஸ் தொடங்கின ஊர் இது. 1960கள்ல வந்த தொழிற்பேட்டையில பிரஸ் ஷாப், லேத், பிளேட்டிங்னு வண்டிக்குப் பாகம் செய்யற சின்னச் சின்ன யூனிட்டுங்க தெருவுக்குத் தெரு இருக்கு. அத்தனை பேரோட பில்லிங் மென்பொருளும் ஒரே ராத்திரியில மாறணும்.

அப்படி ஒரு யூனிட்டுக்கு அக்டோபர்ல போயிருந்தேன். பெயர் வேண்டாம். பிரஸ் ஷாப், ஒரு பெரிய வண்டிக் கம்பெனிக்குப் பாகம் சப்ளை. பல வருஷத்துக்கு முன்னாடி யாரோ எழுதிக் கொடுத்த பில்லிங் மென்பொருள். அக்கவுண்ட்ஸ் பார்க்கிற அக்கா ஒரு பேப்பரை நீட்டினாங்க. "தம்பி, இது ஆகஸ்ட்ல போன சரக்கு. 28 போட்டுத்தான் பில் போட்டோம். அதுல கொஞ்சம் ரிஜெக்ஷன்ல திரும்பி வந்திருக்கு. கிரெடிட் நோட் போட்டா இது 18ங்குது. நான் கையால திருத்தினாலும் சேவ் பண்ணும்போது மறுபடியும் 18 ஆயிடுது."

கணக்கு போட்டுப் பாருங்க. ஆகஸ்ட் பில் ஒரு லட்சம், வரி 28,000. திரும்பி வந்தது 20,000 ரூபாய் சரக்கு. அதுக்குக் குறைக்க வேண்டிய வரி 5,600. மென்பொருள் குறைச்சது 3,600. ஒரு கிரெடிட் நோட்டுல 2,000 ரூபாய் காணோம். சின்ன யூனிட்ல மாசத்துக்கு இப்படிப் பத்து நோட் வந்தா, ஒரு ஹெல்பரோட சம்பளம் பக்கத்துல போயிடும்.

இன்னொண்ணு அதைவிட மோசம். ஆகஸ்ட் பில்லையே திறந்து ரீபிரிண்ட் கொடுத்தா, அதுவும் 18 காட்டுச்சு. போன மாசம் கஸ்டமர் கையில கொடுத்த காகிதம் ஒண்ணு சொல்லுது, நம்ம கம்ப்யூட்டர் வேற ஒண்ணு சொல்லுது. அக்காவுக்குக் கோபம் வந்ததுல தப்பே இல்லை.

காரணம் ரொம்ப எளிசு. அந்த மென்பொருள் எந்த ஆவணத்தைத் தயார் பண்ணினாலும், ஐட்டம் மாஸ்டர்கிட்ட போய் "இப்ப விகிதம் என்ன?"ன்னு கேட்கும். செப்டம்பர் 22ம் தேதி யாரோ ஐட்டம் மாஸ்டர்ல 28ஐ அழிச்சு 18 போட்டாங்க. அழிச்ச உடனே, அதுவரைக்கும் 28ன்னு ஒண்ணு இருந்ததுங்கிற தகவலே கம்ப்யூட்டர்ல இல்லாமப் போச்சு. கடந்த காலம் முழுக்க 18 ஆயிடுச்சு.

இங்கதான் ஃபங்ஷனல் புரோகிராமிங் வருது. மோனாட், கேட்டகரி தியரி எதுவும் இல்லாம.

முதல் விஷயம்: ஒரு கணக்குக்கு என்னென்ன தேவையோ அத்தனையையும் கையில கொடுத்துடணும். அது வெளியே போய் எட்டிப் பார்க்கக் கூடாது. வரியைக் கணக்குப் போடற ஃபங்ஷன், இன்னிக்கு என்ன தேதின்னு கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. டேட்டாபேஸைத் திறக்கக் கூடாது. சரக்கு, தேதி, விகிதப் பட்டியல் மூணையும் நாம உள்ளே அனுப்பணும், அது ஒரு தொகையைத் திருப்பித் தரணும். அவ்வளவுதான் அதோட வேலை. ஒரே விஷயத்தை அனுப்பினா இன்னிக்கும் அதே பதில், அடுத்த வருஷமும் அதே பதில், அம்பத்தூர்லயும் அமெரிக்காவுலயும் அதே பதில். இதைத்தான் ப்யூர் ஃபங்ஷன்னு சொல்றாங்க.

ரெண்டாவது விஷயம்: எழுதினதை அழிக்காதே. புரோகிராமர்கள் இதை இம்யூட்டபிலிட்டின்னு ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி சொல்றாங்க. பேரேடு எழுதின கணக்குப்பிள்ளைகளுக்கு இது தெரியும். பதிவு தப்பா விழுந்தா பிளேடால சுரண்ட மாட்டாங்க. எதிர்ப்பதிவு ஒண்ணு போட்டு நேர் பண்ணுவாங்க. பழைய வரி அப்படியே நிக்கும். வரி விகிதமும் அப்படித்தான் இருக்கணும். 28 இந்தத் தேதி வரைக்கும், 18 இந்தத் தேதியிலேர்ந்து, ரெண்டு வரியும் பட்டியல்ல இருக்கணும். புதுசு வந்தா கீழே சேர்க்கிறோம், மேலே இருக்கிறதைத் தொடறதில்லை. போட்ட இன்வாய்ஸும் அப்படியே. கிரெடிட் நோட் தயாராகும்போது ஐட்டம் மாஸ்டர் பக்கமே போகாது. மூல இன்வாய்ஸை எடுத்து, அதுல என்ன விகிதம் இருக்கோ அதையே போடும்.

இதோட முடிஞ்சிருந்தா இதுக்கு ஒரு எபிசோட் வேண்டியதில்லை. அடுத்து வந்த கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. சரக்கு செப்டம்பர் 20 போயிடுச்சு, இன்வாய்ஸ் 23தான் போட்டாங்க, பணம் அக்டோபர்ல வந்தது. எந்த விகிதம்?

சிஜிஎஸ்டி சட்டத்துல பிரிவு 14 இதுக்குத்தான் இருக்கு. மூணு தேதியைப் பார்க்கச் சொல்லுது: சரக்கு போன தேதி, இன்வாய்ஸ் தேதி, பணம் வந்த தேதி. ஒவ்வொண்ணும் விகித மாற்றத்துக்கு முன்னாடியா, பின்னாடியா? ரெண்டு ரெண்டா மூணு தடவை பெருக்கினா எட்டு நிலை. சட்டத்துல இது வளைச்சு வளைச்சு எழுதியிருக்கும். ஒரு தாள்ல எட்டு வரியாப் போட்டுப் பார்த்தா சட்டுனு பிடிபடும். மூணு தேதியில எந்தப் பக்கம் ரெண்டு விழுதோ, அந்தப் பக்கத்து விகிதம். நாம கேட்ட கேள்வியில இன்வாய்ஸும் பணமும் பின்னாடி, அதனால புது விகிதம். (உட்பிரிவுகள் நிறைய இருக்கு, உங்க பில்லுக்கு ஆடிட்டரைக் கேளுங்க, பாட்காஸ்ட்டைக் கேட்டு வரி கட்டாதீங்க.)

இதை ப்யூர் ஃபங்ஷனா எழுதினா என்ன ஆகுதுன்னு பாருங்க. மூணு தேதி உள்ளே போகுது, ஒரு விகிதம் வெளியே வருது. அதுக்கு டெஸ்ட் எட்டே வரி. டேட்டாபேஸ் வேண்டாம், சர்வர் வேண்டாம், கண்ணிமைக்கிற நேரத்துல ஓடி முடிஞ்சுடும். அந்த எட்டு வரியை அப்படியே பிரிண்ட் எடுத்து அக்கா கிட்டயோ ஆடிட்டர் கிட்டயோ காட்டலாம். நிரல் தெரியாதவங்களும் "ஆமா, இது சரி, அஞ்சாவது தப்பு"ன்னு சொல்ல முடியும். பழைய மென்பொருள்ல இதைச் சோதிக்கணும்னா, கம்ப்யூட்டரோட தேதியைப் பின்னாடி தள்ளி வைக்கணும், பேக்கப் டேட்டாபேஸை மீட்டெடுக்கணும், ஒரு பில் போட்டுப் பார்க்கணும், மறுபடி தேதியைச் சரி பண்ணணும். எட்டு தடவை. யாரும் செய்ய மாட்டாங்க. அதனாலதான் அந்தத் தப்பு மாட்டாம இருந்தது.

இந்த மாற்றத்துக்கு ஹாஸ்கெல் வேண்டாம். எந்த மொழியில இருக்கோ அதுலயே செய்யலாம். உள்ளே கணக்கு, வெளியே வேலை. டேட்டாபேஸ்லேர்ந்து படிக்கிறது, பிரிண்டருக்கு அனுப்புறது, இ-இன்வாய்ஸ் போர்ட்டலோட பேசறது எல்லாம் வெளி ஓடு. அந்த ஓடு மெல்லிசா இருக்கணும். உள்ளே இருக்கிற கணக்குக்கு வெளியுலகம்னு ஒண்ணு இருக்கிறதே தெரியக் கூடாது.

ஒரு சின்ன விலகல். அந்த அக்கா, மென்பொருள் தப்புப் பண்ணின நாள்லேர்ந்து எக்ஸெல்ல தனியா ஒரு ஷீட் வச்சு ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. அது சரியாவே இருந்தது! காரணம் இருக்கு. எக்ஸெல்ல ஒரு செல்லோட ஃபார்முலா, மத்த செல்லுங்களைப் படிக்கும், ஒரு மதிப்பைத் தரும், வேற யாரோட செல்லையும் போய் மாத்தாது. ஹாஸ்கெல்லை வடிவமைச்சவங்கள்ல முக்கியமானவரான சைமன் பெய்டன் ஜோன்ஸ், உலகத்துலயே அதிகம் பேர் பயன்படுத்துற ஃபங்ஷனல் மொழி எக்ஸெல்தான்னு பல வருஷமா சொல்லிட்டு வர்றார். 2020 டிசம்பர்ல எக்ஸெல்லுக்கு லாம்டா வசதியை மைக்ரோசாஃப்ட் அறிவிச்சது, அந்த யோசனையோட தொடர்ச்சிதான். அப்படிப் பார்த்தா எஸ்டேட்ல பாதி காஸ்டிங் ஷீட் ஃபங்ஷனல் புரோகிராம். மேக்ரோ எழுதிக் கெடுக்கிற வரைக்கும்.

வேலைக்குப் போனா நீங்க தொடப் போற மத்த கருவிகள்லயும் இது ஏற்கெனவே இருக்கு. வேகமா சொல்லிட்டுப் போறேன். ஜாவாவுல 2014ல வந்த எட்டாவது பதிப்புல லாம்டாவும் ஸ்ட்ரீமும் சேர்ந்தது. கூகுள் 2004ல வெளியிட்ட மேப்ரெட்யூஸ் கட்டுரை, பெயரையே லிஸ்ப் மொழியிலேர்ந்து எடுத்தது. அதுக்கு அப்புறம் வந்த ஸ்பார்க் ஸ்காலாவுல எழுதப்பட்டது. அதுல தரவு மாறாது, ஒரு மெஷின் பாதியில செத்துப் போனா அந்தத் துண்டை மட்டும் மூலத்துலேர்ந்து மறுபடி கணக்குப் போட்டுக்கும். மாறாத தரவுங்கிறதாலதான் அது முடியுது. ரியாக்ட் எழுதறவங்க ரிடியூசர்னு சொல்றதும் இதே வம்சம். ஆக, "கம்பெனியில யாரும் தொட மாட்டான்"ங்கிற பாதி தப்பு. பெயர் சொல்லாமத் தொடறாங்க.

இப்ப முழுசா இறங்கினவங்ககிட்ட வருவோம். நம்ம யாத்ரி.

இது 2022 நவம்பர்ல பெங்களூருல ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தோட ஆதரவோட வந்தது. ஜஸ்பேங்கிற பேமெண்ட் கம்பெனிக்குள்ள பிறந்து, அப்புறம் மூவிங் டெக்னு தனியாப் பிரிஞ்சது. ஜஸ்பே பணப் பரிவர்த்தனை நிரலை ஹாஸ்கெல்ல எழுதற கம்பெனி, அந்தப் பழக்கம் ஆட்டோவுக்கும் வந்துச்சு. கமிஷன் கிடையாது. 2023ல ஓட்டுநர்களுக்கு ஒரு நாளைக்கு 25 ரூபாய், இல்லைன்னா ஒரு சவாரிக்கு 3 ரூபாய் 50 காசுன்னு கட்டணம் கொண்டு வந்தாங்க. அந்தத் தொகையை மனசுல வச்சுக்கங்க. சவாரிக்கு மூணரை ரூபாய் வாங்கிட்டு ஓடற தொழில்ல, தப்பான கணக்கால ஒரு புகார் வந்து, அதை ஒரு ஆள் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தா, பல சவாரியோட வருமானம் அதுலயே போச்சு. அவங்களுக்குத் தப்பு நடந்த பிறகு பிடிக்கிறதைவிட, நடக்கவே விடாம இருக்கிறது மலிவு.

ஹாஸ்கெல் அங்க என்ன தருது? ரெண்டு சொல்றேன். ஒண்ணு, நான் அந்தப் பிரஸ் ஷாப்ல கையால கட்டின வேலியை அந்த மொழி தானா கட்டித் தருது. ஒரு ஃபங்ஷன் வெளியுலகத்தைத் தொடுதா இல்லையான்னு அதோட டைப்பைப் பார்த்தாலே தெரியும். கட்டணம் கணக்கிடற ஃபங்ஷனுக்குள்ள அவசரத்துல யாராவது டேட்டாபேஸைத் திறந்தா, கம்பைலர் அங்கேயே மறிச்சுடும். ஜாவாவுல அது ஒழுக்கம், ஹாஸ்கெல்ல அது சட்டம்.

ரெண்டாவது, இருக்க முடியாத நிலையை எழுதவே முடியாத மாதிரி டைப்பை அமைக்கலாம். ஆட்டோ சவாரியை எடுத்துக்கங்க. ஓட்டுநரைத் தேடிட்டு இருக்கிற நிலையில ஓட்டுநர் பெயர் கிடையாது. சவாரி ஓடிட்டு இருக்கிற நிலையில ஓட்டுநர் கட்டாயம் உண்டு, இறங்கின நேரம் கிடையாது. முடிஞ்ச நிலையில எல்லாம் உண்டு. சாதாரணமா நாம என்ன பண்றோம்? ஒரே டேபிள், இருபது காலம், பாதி காலியா இருக்கலாம். அதனால "சவாரி ஓடுது, ஓட்டுநர் காலி"ன்னு ஒரு வரி எப்பவாவது வந்து உட்காரும். ஒவ்வொரு நிலையையும் தனி வடிவமா டைப்புல எழுதிட்டா, ஓட்டுநர் இல்லாத ஓடும் சவாரியை உருவாக்குற நிரல் கம்பைலே ஆகாது. புதுசா ஒரு நிலையைச் சேர்த்தா, அதைக் கவனிக்காம விட்ட இடங்களை எச்சரிக்கையாக் காட்டும், அந்த எச்சரிக்கையைப் பிழையாவே நடத்தச் சொல்லி வைக்கலாம். கோடு பெருகி, எழுதினவங்க வேற கம்பெனிக்குப் போன பிறகு இதோட அருமை தெரியும்.

ஆனா ஒண்ணு. ரெண்டு ஓட்டுநர் ஒரே நொடியில ஒரே சவாரியை ஏத்துக்கிட்டா? இங்க ஹாஸ்கெல்லோட சுத்தம் உதவாது. ஏன்னா அந்த உண்மை நிரலுக்குள்ள இல்லை, போஸ்ட்கிரெஸ்லயும் ரெடிஸ்லயும் இருக்கு. அங்க பூட்டுப் போட்டுத்தான் ஆகணும், எந்த மொழியா இருந்தாலும். ஃபங்ஷனல்ல எழுதினா கன்கரன்ஸி பிரச்சினையே வராதுன்னு மேடையில பேசறவங்களை நம்பாதீங்க. பிரச்சினை வர்ற இடம் சுருங்கும், அவ்வளவுதான். அந்த நிரல் திறந்த மூலம், யார் வேணா படிக்கலாம். பயணி பக்கமும் ஓட்டுநர் பக்கமும் தனித்தனி சேவைகளா இருக்கும், நடுவுல பெக்ன்ங்கிற நெறிமுறையில பேசிக்கும். சும்மா ஒரு ஞாயித்துக்கிழமை திறந்து பாருங்க, பாடப்புத்தக ஹாஸ்கெல்லுக்கும் சம்பளத்துக்கு எழுதற ஹாஸ்கெல்லுக்கும் எவ்வளவு தூரம்னு புரியும். சாதாரண வேலைதான் நிறைய இருக்கும்.

சரி, இவ்வளவு நல்லதுன்னா எல்லாரும் ஏன் போகலை? சீனியரோட பாதி இங்கதான் வருது. அதுக்கு ஒரு பழைய கதை.

எரிக்ஸன் கம்பெனி, ஸ்வீடன். 1980கள் கடைசியில டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காக ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் கூட்டாளிகளும் எர்லாங்ங்கிற மொழியை உருவாக்கினாங்க. மாறாத தரவு, ஒருத்தரை ஒருத்தர் தொடாத லட்சக்கணக்கான சின்னச் சின்னப் புராசஸ். ஒண்ணு விழுந்தா மேற்பார்வைப் புராசஸ் அதை மறுபடி எழுப்பும், மத்த அழைப்புகளுக்கு ஒண்ணும் ஆகாது. 1998ல ஏஎக்ஸ்டி301ங்கிற ஸ்விட்ச் வந்தது. பத்து லட்சம் வரிக்கு மேல எர்லாங். வியாபார ரீதியா வெற்றி. இதுக்கு அப்புறம் எரிக்ஸன் என்ன பண்ணியிருக்கும்னு நினைக்கிறீங்க?

அதே 1998ல எரிக்ஸன் ரேடியோ சிஸ்டம்ஸ், புதுப் பொருட்களுக்கு எர்லாங் பயன்படுத்தக் கூடாதுன்னு தடை போட்டது. மொழி சரியில்லைன்னு இல்லை. சொந்தமா ஒரு மொழியைக் கட்டிக் காப்பாத்துறதைவிட, ஊர்ல எல்லாரும் பயன்படுத்துற மொழியை வாங்கிக்கிறது மேல்னு நிர்வாகம் முடிவு பண்ணிச்சு. அந்த வருஷ டிசம்பர்ல எர்லாங்கைத் திறந்த மூலமா வெளியே விட்டாங்க. ஆம்ஸ்ட்ராங்கும் சிலரும் வெளியேறித் தனிக் கம்பெனி ஆரம்பிச்சாங்க. 2004ல அவரை எரிக்ஸனே மறுபடி வேலைக்கு எடுத்தது. வெளியே விட்ட அந்த மொழியிலதான் வாட்ஸ்அப் வளர்ந்தது. 2014 பிப்ரவரியில ஃபேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்கு வாங்குறதா அறிவிச்சப்போ 45 கோடிப் பேர் பயன்படுத்தினாங்க, இன்ஜினியர்கள் 32 பேர்.

இந்தக் கதையைச் சொல்றவங்க வழக்கமா எரிக்ஸன் மேனேஜர்களைக் கிண்டல் பண்ணிட்டு முடிப்பாங்க. எனக்கு அது பிடிக்காது. அந்த மேனேஜர் பார்த்தது பெரிய ஆட்படையை. ஆயிரக்கணக்கான இன்ஜினியர்களை எடுக்கணும், மாத்தணும், வேற டீமுக்கு அனுப்பணும். வாட்ஸ்அப்ல பார்த்தது 32 பேரை. ரெண்டு கணக்குமே அவங்கவங்க இடத்துல நியாயம்.

இந்த வித்தியாசம்தான் அம்பத்தூர்ல உங்க வேலையையும் முடிவு பண்ணுது. எஸ்டேட் பக்கத்து டெக் பார்க்குகள்ல இருக்கிற வேலையில பெரும்பங்கு சர்வீஸ் வேலை. கிளையண்ட் தலைக்கு இவ்வளவு, மாசத்துக்கு இவ்வளவுன்னு கொடுக்கிறார். மொழியைத் தேர்ந்தெடுக்கிறதும் அவர்தான். அந்தத் தொழில்ல ஒரு டீமோட பலம், ஒருத்தர் பேப்பர் போட்டா அடுத்த திங்கட்கிழமை இன்னொருத்தரை உட்கார வைக்க முடியுமாங்கிறது. சனிக்கிழமை வாக்-இன்ல ஜாவாவுக்கு வரிசை நிக்கும். ஹாஸ்கெல்லுக்கு ஒருத்தர் வந்தா அதிசயம், ரெண்டு பேர் வந்தா ஒருத்தர் உங்களை இன்டர்வியூ எடுத்துடுவார். இந்தச் சூழல்ல புது மொழி கேட்கிற இன்ஜினியர் கிட்ட மேனேஜர் முகம் சுளிச்சா, அது அறியாமை இல்லை. அவரோட ஒப்பந்தம் அப்படி.

தன்னோட பொருளைத் தானே விற்கிற கம்பெனிக்கு இந்தக் கணக்கு வேற. தப்போட செலவு அவங்க பாக்கெட்லேர்ந்து போகுது, பத்து வருஷத்துக்கு அதே நிரலோட வாழணும். அவங்களுக்கு ஹாஸ்கெல் தெரிஞ்ச ஆளைத் தேடறதைவிட, யோசிக்கத் தெரிஞ்ச ஆளை எடுத்துச் சொல்லிக் கொடுக்கிறது கட்டுபடியாகும். அதுக்கும் விலை உண்டு. பெரிய ஹாஸ்கெல் நிரல் கம்பைல் ஆக நேரம் பிடிக்கும், டீக்கடைக்குப் போய்ட்டு வரலாம். தேவைப்படும்போதுதான் கணக்குப் போடுவேன்ங்கிற அதோட சுபாவத்தால, எதிர்பாராத இடத்துல மெமரி வீங்கும், அதைக் கண்டுபிடிக்கிறது தனிக் கலை. ஒரு சேவைக்கான எஸ்டிகே ஜாவாவுக்கும் பைத்தானுக்கும் ரெடியா இருக்கும், ஹாஸ்கெல்லுக்கு நீங்களே எழுதிக்கணும்.

நேயர்கள்ல சில பேர் ஏற்கெனவே வேலையில இருக்கீங்க. ஸ்பிரிங் பூட், டெட்லைன், லீடுக்கு இந்தப் பேச்செல்லாம் பிடிக்காது. உங்களுக்கு என்னோட யோசனை: டீம்ல "ஃபங்ஷனல்"ங்கிற வார்த்தையைச் சொல்லாதீங்க. உங்க புராஜெக்ட்ல பணமோ, தேதியோ, தகுதியோ முடிவாகிற ஒரே ஒரு இடத்தைப் பிடிங்க. வட்டி, டிஸ்கவுண்ட், லீவு பாக்கி, எதுவா இருந்தாலும் சரி. அந்த ஃபங்ஷனுக்குள்ள கடிகாரத்தைப் பார்க்கிற வரி எங்கேன்னு தேடுங்க. கிட்டத்தட்ட எல்லா நிரல்லயும் இருக்கும். அந்தத் தேதியை வெளியே எடுத்து அளபுருவா உள்ளே அனுப்புங்க. அடுத்து டேட்டாபேஸ் அழைப்பை வெளியே எடுங்க. அப்புறம் டெஸ்ட் எழுதுங்க, வேகமா ஓடறதை டீமுக்குக் காட்டுங்க. யாரும் தத்துவம் கேட்க மாட்டாங்க, "இது எப்படி இவ்வளவு சீக்கிரம் ஓடுது?"ன்னு மட்டும் கேட்பாங்க.

எங்கே செய்யக் கூடாதுன்னும் சொல்லணும். ஒரு ஃபைலைப் படிச்சு இன்னொரு இடத்துல கொட்டுற ஸ்கிரிப்டுல முடிவெடுக்கிற கணக்கே இல்லை, அதுல உள் ஓடு வெளி ஓடுன்னு பிரிச்சா வெட்டி வேலை. ஸ்ட்ரீம்ல பதினஞ்சு படியை ஒரே மூச்சுல கோத்து எழுதறவங்களைப் பார்த்திருக்கேன். ராத்திரி ரெண்டு மணிக்கு புரொடக்ஷன்ல விழுந்தா, எத்தனாவது படியில விழுந்துச்சுன்னு தேடவே விடிஞ்சிடும். ஒரு சாதாரண ஃபார் லூப் அதைவிடப் புண்ணியம்.

ஆவடி நேயருக்கு. ஹாஸ்கெல் கத்துக்கங்க, ரெஸ்யூம்ல ஒரு வரிக்காக வேண்டாம், அந்த வரியைப் பார்த்து இங்க கூப்பிடற கம்பெனி கையளவுதான். மூணு மாசம் அதுல எழுதினா, கடிகாரத்தை எட்டிப் பார்க்கிற ஃபங்ஷன் எந்த மொழியில இருந்தாலும் உங்களுக்கு உறுத்தும். இன்டர்வியூல "புராஜெக்ட் என்ன பண்ணே?"ன்னு கேட்டா, லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்னு சொல்லாதீங்க, வருஷத்துக்கு நூறு பேர் அதையே சொல்றாங்க. இன்னிக்கு சொன்ன மூணு தேதி, எட்டு நிலை, அதை எழுதுங்க. சீனியருக்குப் பழக்கமான ஜாவாவுல ஒரு தடவை, ஹாஸ்கெல்ல ஒரு தடவை. ரெண்டையும் பக்கத்துல வச்சு அவர்கிட்டயே காட்டுங்க. என்ன சொன்னார்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க.